தெற்குப் புலத்துக் கத்தரிக்காய்

ஆலங்கிணற்றுக்கு ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிற பலவேசம் மெஸ்ஸில், பங்குனி மாதம் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டவர்கள் ஐம்பத்து மூன்று பேர். அவர்கள் கை கழுவ எழுந்தபோது நூற்றைந்து கால்களிலும் ஓர் ஊன்றுகோலின் நுனியிலும் மண் ஒட்டியிருந்தது.

தரை சிமெண்டுத் தரை, காலையில்தான் துடைத்தது. வெளியே தார் ரோடு, மழை பெய்து நாற்பது நாளாகியிருந்தது. ஆகையால் எல்லோரும் முதலில் வேலம்மையைத்தான் ஏசினார்கள். வேலம்மை பலவேசத்தின் பெண்டாட்டி. அடுப்பைத் தவிர மெஸ்ஸில் உள்ள அத்தனை வேலையும் அவளுடையது. பலவேசம் அடுப்பை விட்டு வெளியே வந்ததை வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை.

"தொடச்ச தரையில மண்ணு எங்கன இருந்து வரும்? நீங்க கொண்டாந்த மண்ணை எந்தலையில கட்டாதிய" என்றாள் வேலம்மை. அப்போது பாங்கு மேனேஜர் தன் பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் உருவிக் காட்டினார். உள்ளே, விரல் இடுக்கில், ஆற்று வண்டல் ஈரமாக இருந்தது. அதன் பிறகு யாரும் ஏசவில்லை. வேலம்மை ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சாக்கும் எடுத்துவந்து வாசலில் போட்டாள். எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டு, மூன்று மணிக்கு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அந்த மெஸ்ஸுக்கு ஒரு நடைமுறை உண்டு. ஏசுவடியானுடைய குட்டியானை வண்டி காலை ஆறு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் திரும்பி வந்துவிடக்கூடிய தூரத்துக்குள் விளைந்தது மட்டும்தான் அங்கே இலைக்கு வரும். வடக்கே கரிசல், கிழக்கே தேரிமணல், நடுவே ஆற்றுப் பாசனம் என்று மூன்று மண்ணும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியிருந்தது. வாசலில் ஒரு கரும்பலகையில் வேலம்மை தினமும் எழுதிவைப்பாள்: வெண்டைக்காய், பால்துரை காடு. பூசணிக்காய், செவத்தியாபுரம் மரியதாஸ் தோட்டம். அரிசி, கீழக்கால் முத்துமாலை வயல். எந்தக் காய் யார் கையால் பறித்தது என்று தெரிந்து சாப்பிட்டால் நாக்கு ஏமாறாது என்பது அவள் எண்ணம்.

ஆகவே மூன்றாம் நாளே ஊர் கணக்கைப் பிடித்துவிட்டது. குழம்புக் காய் விளைந்த மண் இடது காலுக்கு, பொரியலுக்குரிய மண் வலது காலுக்கு, சோற்றுக்குரிய மண் விரல் இடுக்குக்கு. ரசத்துக்கு ஒன்றும் இல்லை. அப்பளம் மதுரைக் கம்பெனியில் இருந்து வந்தது. அதற்கும் ஒன்றும் இல்லை. மெஸ்ஸுக்கு எதிரே புதிதாகத் திறந்த பெரிய ஓட்டலிலும் 'உள்ளூர்த் தோட்டத்துக் காய்கறி' என்று பலகை இருந்தது; அங்கே சாப்பிட்டவர்கள் எழுந்து குனிந்து பார்த்து, சுத்தமான காலைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்து, மறுநாள் முதல் ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள். விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, தன் இரண்டு காலிலிருந்தும் மண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு எடுத்துப்போய், சாம்பல் சத்து குறைவு என்று பால்துரைக்கு ஓலை அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரை மெஸ்ஸுக்குக் கூட்டிவந்து, "எங்க நெலம் எப்பிடின்னு நீங்களே பாத்துக்கிடுங்க" என்று தங்கள் பூசணிக்காயைச் சாப்பிடவைத்தார்கள். துபாயிலிருந்து இரண்டு வாரம் லீவில் வந்த ஒருத்தி காலைக் கழுவாமலே பஸ் ஏறிப் போனாள்.

ஒரு வாரத்தில் வாசலில் குழாயும் சிமெண்டுத் தொட்டியும் வந்தன. பத்து நாளில் அது எப்போதும் அப்படித்தான் இருந்தது போல ஆகிவிட்டது. மண் ஏன் ஒட்டுகிறது என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். இன்றைக்கு என்ன மண் என்று கேட்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இந்தக் கதை அணைஞ்சபெருமாளைப் பற்றியது.

அணைஞ்சபெருமாளுக்கு எழுபது வயது. எட்டாம் வகுப்பு வரை படித்து, நில அளவைத் துறையில் சங்கிலி பிடிக்கிற வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஐந்து வருடம். ஒரே மகள் திருப்பூரில். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் பன்னிரண்டே முக்காலுக்கு மெஸ்ஸுக்குள் நுழைந்து, சுவர் ஓரம் நாலாவது இடத்தில் உட்காருவார். இரண்டாம் முறை மோர் வேண்டும் என்றாலும் கேட்கமாட்டார், டம்ளரைப் பார்ப்பார், வேலம்மை ஊற்றுவாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். ஆனால் எதையும் எண்ணாமல் விடமாட்டார். அவர் வீட்டிலிருந்து மெஸ்ஸுக்கு ஆயிரத்து நானூற்றுப் பதினாறு எட்டு. குறுக்கு வழியில் போனால் அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு குறையும். ஆனால் குறுக்கு வழி அவர் தங்கச்சி ஆவுடைத்தங்கத்தின் நிலத்து வழியாகப் போகிறது. அந்த நிலத்தை அவர் மிதித்துப் பதினொரு வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தபோது, தங்கச்சிக்கு ஓர் அங்குலம் குறைந்துவிடக் கூடாது என்று அணைஞ்சபெருமாள் ஆபீஸ் சங்கிலியை இரவல் வாங்கிவந்து, இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து, மூன்று முறை அளந்து, கடைசியில் அவள் பக்கம் சங்கிலியில் மூன்று லிங்க், ஏறக்குறைய இரண்டடி, கூடுதலாகவே விட்டு, கையாலேயே குழி தோண்டிக் கல் நட்டார். நட்டு முடித்து நிமிர்ந்தபோது தங்கம் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு வயித்துல பொறந்தவரு, எனக்குச் சங்கிலி போட்டு அளந்து குடுக்கீரு" என்றாள். "'இந்தா தங்கம், ஒனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'முழுசையும் நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே'ன்னு நான் சொல்லியிருப்பேன். அந்நியத்துக்கு அளக்கிற மாதிரி அளந்துட்டீருல்லா? அளந்து குடுத்த மண்ணுல இனிமே உம்ம காலு படப்பிடாது."

சாட்சிகள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று லிங்க் கூடுதல் விட்டதை அவர் சொல்லவில்லை; சொன்னால் அதுவும் அளவு சொன்னதாக ஆகிவிடும் என்று வாய் வரவில்லை. சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வீட்டுக்கு நடந்தார். கோபத்தில் சொன்ன சொல் நாலு நாளில் ஆறிவிடும் என்று வேறு யாராவது இருந்தால் நினைத்திருப்பார்கள். அணைஞ்சபெருமாள் சொல்லைச் சொன்னபடிதான் எடுத்துக்கொள்வார். அவர் பங்கு நிலம் மகள் கல்யாணத்துக்கு விற்றுப்போயிற்று. தங்கத்தின் புருஷன் இறந்தபோது கூட ரோட்டில், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, பாடை போகும்வரை நின்று, திரும்பி வந்தார். அவள் ஒருநாள் "உள்ள வாங்கண்ணே" என்று கூப்பிடமாட்டாளா என்பது ஒன்றுதான் அவருக்கு இந்த உலகத்தில் பாக்கி இருந்த ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் நாள் இடது காலில் ஒட்டிய மண்ணை அவர் மற்றவர்களைப் போலவே கழுவிவிட்டார். இரண்டாம் நாள் குனிந்து பார்த்தார். கருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. நனைத்த புளியின் நிறம். நடுநடுவே அரிசிக் குருணை அளவில் வெள்ளை நத்தை ஓட்டுத் துணுக்கு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சங்கிலி போடாத நிலம் அவருக்குக் கிடையாது. இந்த மண் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். மற்ற எல்லாக் காய்க்கும் பெயர் இருந்தது. குழம்புக் காய்க்கு மட்டும், 'கத்தரிக்காய், தெற்குப் புலம்' என்று இருந்தது.

"இந்தக் கத்திரிக்கா யார் தோட்டத்துது, வேலம்மை?" என்று பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த மெஸ்ஸில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

வேலம்மைக்கு இலை எடுக்கிற வேலை திடீரென்று அவசரமாயிற்று. "தெக்க உள்ளது அண்ணாச்சி" என்றாள்.

"தெக்க எங்கன?"

"தெக்கன்னா தெக்கதான். நல்லா இல்லையோ?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார். காலைக் கழுவிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானமே ஏசுவடியான் இன்னொரு செய்தியோடு வண்டியை நிறுத்தினான். ஏசுவடியானுக்கு நாற்பது வயது. காய் ஏற்றி வருவது அவன் தொழில், செய்தி ஏற்றி வருவது அவன் சந்தோஷம்.

"ஏக்கா, பால்துரை என் சட்டையப் புடிச்சிட்டாருக்கா! வெண்டைக்காட்டுல அம்பத்தி மூணு பேரு நின்ன தடம். வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல, நின்ன தடம். 'எவன்டா களவாங்க வந்தது'ங்காரு. ஒரு காய் கொறையல. பாத்தா, நடுவுல ஒரு தடம் ஒத்தக் காலு. பக்கத்துல கம்பு ஊணுன குழி!"

மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஊன்றுகோல்காரரைப் பார்த்தார்கள். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "நான் இங்கனதாம்ல இருந்தேன்" என்றார்.

அப்படியாக, சாப்பிட்டவர்களின் காலுக்கு மண் வருவது மட்டுமல்ல, அவர்கள் சாப்பிட்ட நேரத்தில் அவர்கள் காலும் அங்கே, காய் பறித்த அதே வரிசையில் போய் நின்றிருக்கிறது என்று தெரியவந்தது. விவசாயிகள் இதையும் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் காட்டுக்குப் போய்த் தடத்தை எண்ணி, இன்றைக்கு எத்தனை பேர் நம் காயைச் சாப்பிட்டார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். மரியதாஸ், பாங்கு மேனேஜரின் கனம் தன் பூசணிக் கொடிக்கு ஆகாது என்று வேலம்மையிடம் புகார் சொன்னார். பால்துரையின் பெண்டாட்டி, நம் காட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டு, தினமும் ஒரு பானை மோரை வரப்பில் வைத்தாள். மோர் குறையவில்லை; ஆனாலும் வைத்தாள்.

அணைஞ்சபெருமாள் அன்று இலைக்கு முன்னால் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். மண்தான் வந்தது என்று இருந்தவருக்கு, தன் கால் போயிருக்கிறது என்பது இடியாக இருந்தது. அவருக்குத் தெரியாமலே, அவர் சம்மதம் இல்லாமலே, படக்கூடாத கால் பட்டுவிட்டது. இனிச் சாப்பிடாமல் இருக்கலாம். ஆனால் மெஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு சோறு இல்லை. குழம்பு வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் ஏன் என்று வேலம்மை கேட்பாள், அத்தனை பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாழிகை யோசித்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கற்றது ஒன்றுதான்: தெரியாமல் எடுத்தாலும் எடுத்ததை அளவு குறையாமல் திருப்பிவிட்டால் தப்பு பாதியாகும். போன காலைத் திருப்ப முடியாது. மண்ணைத் திருப்பலாம்.

அன்று முதல், சாப்பிட்டு முடித்ததும் கையை மட்டும் கழுவிக்கொண்டு, மெஸ்ஸின் பின்பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு தென்னங்குச்சியால் இடது காலைச் சுரண்டுவார். வலது கால் மண் யாருடையதோ, அதைத் தொட்டியில் கழுவிவிடுவார். இடது கால் மண்ணை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வெயிலில் காயவைத்து, வேலம்மையின் சமையல் தராசில் நிறுத்து, பேப்பரில் பொட்டலம் கட்டி, மேலே தேதியும் எடையும் எழுதி, காலையில் ஏசுவடியானிடம் கொடுப்பார்.

"தெற்குப் புலத்துல குடுத்துரு. யாரு தந்ததுன்னு சொல்ல வேண்டாம்."

"சொல்லாட்டா தெரியாதாக்கும் அண்ணாச்சி? தேதியும் கிராமும் போட்டு மண்ணு குடுக்க ஆளு இந்தத் தாலூக்காவுலயே நீரு ஒருத்தருதான்."

இப்படிப் பதினொரு பொட்டலம் போயிற்று. ஒரு நாளும் பதில் இல்லை. மண் ஒட்டத் தொடங்கி, ஞாயிறு போக, பதினைந்தாம் நாள் காலை குட்டியானை வந்து நின்றபோது, அதில் வெண்டைக்காய் இருந்தது, பூசணிக்காய் இருந்தது, கத்தரிக்காய் இல்லை. வழக்கமாக ஒரு கதை சொல்லிக்கொண்டே இறங்குகிற ஏசுவடியான், மெதுவாக இறங்கினான்.

"காய் இனிமே கிடையாதாம்க்கா. அவுக சொன்னதை அப்படியே சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டாவ." சுற்றுமுற்றும் பார்த்தான். அணைஞ்சபெருமாள் அன்றைய பொட்டலத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவன் அவரைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னான். "'எம் மண்ணு காலுல ஒட்டுனாக்கூட ஆகாதாமா? அள்ளிக் கட்டி எம் மூஞ்சியில எறியுதாரே, நான் என்ன செத்தா போயிட்டேன், மண்ணு அள்ளிப் போட?' அப்பிடின்னு சொன்னாவ. பொறவு கதவச் சாத்திக்கிட்டாவ."

பொட்டலம் அணைஞ்சபெருமாளின் கையிலேயே இருந்தது. எழுபத்திரண்டு கிராம். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஒன்பது நாள், பலகையில் கத்தரிக்காய்க்கு நேரே, கிழக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அணைஞ்சபெருமாள் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார், சாப்பிட்டார், எழுந்தார், இடது காலைப் பார்த்தார். மாவு போலச் சிவந்த தேரிமணல். காலை உதறினால் உதிர்ந்துவிடும். சுரண்ட வேண்டியதில்லை, காயவைக்க வேண்டியதில்லை, நிறுக்க வேண்டியதில்லை. அந்தப் பதினான்கு நாளும் தான் எதற்காக மெஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மண்ணைத் திருப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அது ஒட்டும் நேரத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, அவர் பாதிச் சோற்றில் இலையை மடித்தார்.

வேலம்மை அவர் எதிரே வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெஞ்சியில் உட்கார்ந்தாள். வேலம்மை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, சொல்லப்பிடாதுன்னு சொன்னாவ. இனிமே சொன்னா என்ன. ஒங்க தங்கச்சி ரெண்டு வருசம் ஒரு மாசமா இங்க காய் தாராவ. நானாப் போய்க் கேக்கல, அவுகளா வந்தாவ. 'எங்கண்ணன் ஒங்க கடையிலதான் சாப்பிடுதாருன்னு கேள்விப்பட்டேன், காயில நல்ல காய் நான் தாரேன், ஆனா பலகையில எம்பேரு போட்டுறாத. எம்பேரப் பாத்தாருன்னா எலைய மடிச்சிட்டு எந்திரிச்சிருவாரு. அந்த மனுசனுக்கு வேற யாரு ஆக்கிப் போடுவா'ன்னாவ. மொத நாளு நீங்க சாப்பிட்டப்பம் அடுக்களைக்குள்ள நின்னு எட்டிப் பாத்துட்டுத்தான் போனாவ."

 அணைஞ்சபெருமாளின் மனது தன் வழக்கப்படி எண்ணத் தொடங்கிவிட்டது. இரண்டு வருடம் ஒரு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை போக, தீபாவளி போக, பொங்கல் விடுமுறை போக, அவருக்குக் காய்ச்சல் கண்ட ஐந்து நாள் போக, அறுநூற்று முப்பத்தொன்பது மதியம். அறுநூற்று முப்பத்தொன்பது மதியம் அவள் ஆக்கிப் போட்டிருக்கிறாள்; அவர் பதினொரு பொட்டலம் மண் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெஸ் கிடையாது. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்து, முற்பகல் பதினோரு மணிக்குத் தங்கத்தின் நிலத்தருகே ரோட்டில், தான் நட்ட கல்லுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். கல்லிலிருந்து வீட்டு நடை வரை கத்தரிப் பாத்தி. மொத்தம் பதினேழு வரிசை, வரிசைக்கு வரிசை இரண்டரை அடி. ரோட்டோரத்துப் பதினான்கு வரிசை பறித்திருந்தது. வீட்டை ஒட்டிய மூன்று வரிசையில் காய் பறிக்காமல் முற்றி, பழுத்து, மஞ்சளாகத் தொங்கியது. பறித்த வரிசைகளுக்கு இடையே, ஏனென்று தெரியவில்லை, அங்கங்கே ஒரு பனையோலை கவிழ்த்து வைத்திருந்தது.

தங்கம் வீட்டு நடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் தலை முழுவதும் நரைத்திருந்தது. அவரைப் பார்த்தாள். கீரையைப் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமா நிக்கீரு?" என்றாள்.

"பத்து நிமிசமா."

"எதுல நிக்கீரு?"

"ரோட்டுலதான். கல்லுக்கு இந்தப் பக்கம்."

"கல்லு நட்டவருக்குத் தெரியாதா. இன்னைக்கு எத்தன கிராம் கொண்டாந்தீரு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "தங்கம், எறியணும்னு அனுப்பல. நீ படப்பிடாதுன்ன. எனக்குத் தெரியாமலே காலு வந்து ஒன் மண்ண எடுத்துக்கிட்டு வந்துட்டு. ஒன் பொருளு எங்கிட்ட இருக்கப்பிடாதுல்லா. சிந்தாமச் செதறாமத் திருப்பித் தந்தேன். மொத ரெண்டு நாளு மட்டும் தெரியாமக் கழுவி விட்டுட்டேன். அந்தக் கொற ஒண்ணுதான்."

தங்கத்தின் கை கீரையில் நின்றுவிட்டது. அவரையே பார்த்தாள். பதினொரு வருடம் சுமந்த கோபம் அவள் முகத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. கடைசியில் அது சிரிப்பாக வந்து, பாதி வழியில் கண்ணுக்கு ஏறியது.

"வையிதாருன்னு நெனச்சு நான் ஒன்பது நாளாச் சோறு தண்ணி எறங்காமக் கெடந்தேன். இந்த மனுசன் கணக்குத் தீக்காராம்!" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "திருப்பித் தந்தாராம். காலு வந்துச்சுன்னு தெரிஞ்சப்பம், ஏன் வந்துச்சுன்னு யோசிச்சீரா?"

"யோசிச்சேன். தெரியல."

"தெரியாது. அதுக்குச் சங்கிலியில லிங்கு கெடையாதுல்லா."

எழுந்து, ரோட்டோரம் வரை வந்து, முதல் வரிசையின் பனையோலையை எடுத்தாள். அடியில் ஒரு சோடிக் காலடித் தடம் இருந்தது. இடது காலில் சுண்டு விரல் மடங்கியிருந்தது. முன்னொரு காலத்தில் அளவை வேலையில் இரும்பு முளை விழுந்து மடங்கிய அவருடைய விரல். அவள் அடுத்த வரிசைக்குப் போய் அடுத்த ஓலையை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், ஒவ்வொன்றாகப் பதினான்கு ஓலையையும் எடுத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நகர்ந்தாள். பதினான்கு சோடித் தடம். வேறு ஒருவருடைய தடமும் இல்லை.

"மத்தவன் தடத்தையெல்லாம் அன்னன்னைக்கே கொத்தி விட்டுட்டேன். இதை மட்டும் ஆடு மிதிச்சிராம மூடி வச்சேன். வாய்க்கால்ல தண்ணி விட்டா கரைஞ்சிரும்னு, செடிக்கெல்லாம் கொடத்துல கொண்டாந்து ஊத்துனேன், இந்த இடுப்ப வச்சுக்கிட்டு." மூச்சு வாங்கினாள். "மத்தவனெல்லாம் கண்ட பக்கம் திரும்பி நின்னான். பாங்குக்காரரு ரோட்டப் பாத்து நின்னாரு. நீரு பதினாலு நாளும் வீட்டப் பாத்துத்தான் நின்னிருக்கீரு. நல்லாப் பாரும். ஒரு நா ஒரு வார்த்த 'தங்கம்'னு கூப்பிட்டீரா?"

"நான் அங்கன சாப்பிட்டுக்கிட்டுல்லா இருந்தேன்" என்றார் அணைஞ்சபெருமாள்.

தடங்களைப் பார்த்தார். பதினான்கு சோடிக் காலின் விரல்களும் ஒரே திசையில், வீட்டு நடையை நோக்கி இருந்தன. தான் கேட்க வெட்கப்பட்டதைக் கால் கேட்டுக்கொண்டு தினமும் அங்கே போய் நின்றிருக்கிறது என்பதைப் பார்த்து அவருக்குக் காது வரை சூடேறியது. செருப்பைக் கழற்றி ரோட்டில் சோடியாக வைத்தார்.

"தங்கம், இது ஏற்கெனவே பட்ட எடம். இதுலயே வச்சா, புதுசாப் பட்டதா ஆகாதே?"

அவள் வீட்டு நடையில் போய் நின்றுகொண்டாள். "ஆகாது" என்றாள்.

முதல் தடத்தில் இடது காலை வைத்தார். அளவு சரியாக இருந்தது. வலது காலை வைத்தார். இரண்டாம் தடத்துக்குச் செடியை விலக்கி எட்டி வைத்தார். தடத்துக்கு வெளியே ஒரு விரலும் படாமல், கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, கத்தரிச் செடிகளுக்கு நடுவே அவர் நடந்து வந்த விதத்தை ரோட்டில் சைக்கிளில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு, ஏதோ முறை செய்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாகப் போனார்கள். பன்னிரண்டு. பதிமூன்று. பதினான்கில் வந்து நின்றார்.

அதற்கு மேல் தடம் இல்லை. பறிக்காத மூன்று வரிசை, நடை வரை ஐந்து முழம், வறண்டு வெடித்துக் கிடந்தது.

"இன்னும் என்ன?" என்றாள் தங்கம்.

"தடம் இல்லையே."

அவள் அந்த ஐந்து முழத்தைப் பார்த்தாள். அவள் காய் தராமல் நிறுத்தியதனால் விழுந்த வெற்றிடம் அது. அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார்; அவளுக்குத் தெரியும், சொல்லாமல் விட்டால் பொழுது சாயும்வரை அப்படியே நிற்பார், நாளைக்கும் நிற்பார். அவள் உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு வெளியே வந்து, நடையிலிருந்து தொடங்கி, குனிந்து, குனிந்து, வெடிப்பெல்லாம் குடித்து மூடிக்கொள்ளும்படி மெதுவாக, அவருடைய கால் வரைக்கும் ஊற்றிக்கொண்டே வந்தாள். மண் புளி நிறத்துக்குக் கருத்தது.

"தெனமும் பன்னெண்டரைக்கு நனைச்சு வைப்பேன்" என்றாள், குடத்தைப் பார்த்துக்கொண்டு. "பன்னெண்டே முக்காலுக்கு வருவிய. காஞ்ச மண்ணு கால அறுக்கும்லா."

பிறகு நிமிர்ந்தாள்.

"படப்பிடாதுன்னு சொன்னவ நான்தான். இப்பம் சொல்லுதேன். படட்டும். வாங்கண்ணே."

அணைஞ்சபெருமாள் இடது காலைத் தூக்கித் தடம் இல்லாத மண்ணில் வைத்தார். அது குளிர்ந்திருந்தது, அவர் கனத்துக்குக் கொஞ்சம் உள்வாங்கி, விரல்களுக்கு இடையே மேலேறி, காலைப் பிடித்துக்கொண்டது. அவர் அடுத்த காலையும் வைத்தார்.